பொஸ்டன் பார்க்கப் போன இருபத்திரண்டு பேர்

அமெரிக்க நகரங்களுக்கு வழி சொல்லிப் பிழைக்கிற தொழிலில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு: வழி கேட்டுக்கொண்டு போகிற எங்கள் சனம் அந்த நகரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்.

மொன்றியலில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கும் உறைமீன் பெட்டிக்கும் நடுவில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. எந்த மாதம் எந்த ஊருக்குப் போகலாம், எங்கே தங்கலாம், எந்தச் சப்பாத்துப் போட்டால் கால் நோகாது என்பதெல்லாம் அங்கிருந்து சொல்வேன். கோடையில் நாலைந்து முறை ஒரு சின்ன பஸ் பிடித்து நானே கூட்டிக்கொண்டும் போவேன். பத்து வருடமாக இதுதான் பிழைப்பு. விருந்தாளிகளுக்கு ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு போய், காரை நிறுத்த இடம் கிடைப்பதற்குள் "வீட்டை போவமா?" என்று கேட்கப்பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மச்சாளின் பேஸ்மென்ட்

லவாலில் இருக்கிற சரோ அக்கா என் மிகப் பழைய வாடிக்கையாளர். முதன்முதலில் புருஷனோடு நியூயோர்க் போகப்போவதாகச் சொன்னபோது எனக்குத் தொழில் புதிது, உற்சாகம் அதிகம். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். சிலையைப் பார்க்கக் காசு கொடுத்துக் கப்பல் ஏறத் தேவையில்லை, வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற இலவசப் படகில் ஏறி வலது பக்கமாக நின்றால் போதும். பாலத்தைக் காலையில் நடந்து கடக்க வேண்டும், மத்தியானம் போனால் சனக்கூட்டத்தில் நசுங்க வேண்டிவரும். பெரிய பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். நிறம் நிறமாகக் கோடு போட்டு வரைபடம் கூடக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். படகு எப்படி என்றேன். ஏறவில்லையாம். பாலம்? தூரத்தில் தெரிந்ததாம். பூங்கா? அன்றைக்கு அங்கே இருக்கிற மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாளாம். எங்கள் ஆட்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதை அன்றுதான் தொழில்முறையாக உணர்ந்தேன். ஒரு ஊரில் சொந்தக்காரர் இருக்க, அவருக்குச் சொல்லாமல் அந்த ஊருக்குப் போனால் அது மன்னிக்க முடியாத குற்றம். சொல்லிவிட்டுப் போனாலோ பஸ் நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு திரும்புகிற நாளில்தான் வெளியே விடுவார்கள். "அப்ப நாலு நாளும் என்னதான் பார்த்தனீங்கள்?" என்று கேட்டேன். சரோ அக்காவின் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

"எல்லாம் பார்த்தம் மலர். மச்சாளவை பேஸ்மென்டை நல்ல வடிவாத் திருத்தியிருக்கினம்."

சும்மா கேட்கிறவர்

மரியதாஸ் அண்ணை லாசாலில் இருக்கிறார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருடமும் பனி உருகத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு வந்து என் மேசைக்கு முன்னால் உட்காருவார். பொஸ்டனைப் பற்றிக் கேட்பார். வேறு எந்த ஊரையும் கேட்க மாட்டார். அங்கே இப்போது பனியா, கடற்கரைக்குச் சனம் போகுமா, குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால் என்ன செய்வார்கள், தமிழ்ச் சாமான் கடை கிட்ட இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். நானும் சொல்வேன். பழைய நகரத்தின் நடைபாதையில் சிவப்புச் செங்கலால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பார்க்க வேண்டிய இடமெல்லாம் தானாக வரும், வழி தவறவே தவறாது என்று ஒருமுறை சொன்னேன். அந்தக் கோடு அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் வந்து, அது எங்கே போய் முடிகிறது என்று கேட்டார்.

ஆறு வருடம் இப்படிக் கேட்டார். ஒருமுறையாவது பயணம் பதிந்தவரில்லை. ஆறாவது வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், தொலைபேசியும் அடித்துக்கொண்டிருந்தது. "அண்ணை, பொஸ்டனிலை வீடு வாங்கிறவையும் இவ்வளவு கேக்கிறேல்லை. போறதெண்டால் போங்கோ, இல்லாட்டி என்னை விடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் கோபிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இல்லைப் பிள்ளை, சும்மா கேட்டனான். ஒரு ஊரைப் பற்றித் தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லதுதானே."

சிக்காகோவில் யாரும் இல்லை

நகரத்தை நகரமாகவே பார்க்கிற ஒரு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டாரா என்று நான் ஏங்கியதுண்டு. கிடைத்தார். புரோசார்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர், தமிழ்நாட்டுக்காரர். சிக்காகோ போக வேண்டும் என்று மனைவியோடு வந்தார். "அங்க எங்களுக்கு யாருமே இல்ல மேடம்" என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஏரிக்கரை, ஆற்றில் படகில் போய்க்கொண்டே கட்டடங்களைப் பார்க்கிற சுற்றுலா, ஓவியக்கூடம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஏரிக்காற்று காதைப் பிடுங்கும், மே மாதமானாலும் தொப்பி வேண்டும் என்றேன். அவர் அதை மணி வாரியாகக் கணினியில் அட்டவணை போட்டார். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். பத்து வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மாணவர்.

திரும்பி வந்ததும் இருவரும் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். பேராசிரியர் கட்டடங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நான் ஒவ்வொரு சொல்லையும் ரசித்துக் கேட்டேன். அவருடைய மனைவி மட்டும் கருவேப்பிலைக் கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எப்படி அம்மா இருந்துது?" என்று கேட்டேன். நாலாவது நாள் ஊருக்கு வெளியே ஒரு கோயிலுக்குப் போனார்களாம். அங்கே செருப்பு விடுகிற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் பேச்சுக் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இரவுச் சாப்பாடு போட்டு, ஹோட்டலில் கொண்டுவந்து விட்டதாம்.

"மூணு நாள் கழுத்து வலிக்க வலிக்கக் கட்டடம் பார்த்தேங்க. 'சாப்ட்டீங்களா'ன்னு ஒருத்தர் கேட்ட அப்புறந்தான் ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு."

லுக்கின் எலுமிச்சம்பழம்

எங்கள் பஸ் சாரதியின் பெயர் லுக். கியூபெக்காரர், ஐம்பது வயது, வாய் பிரெஞ்சைத் தவிர வேறெதற்கும் சுலபத்தில் திறக்காது. எங்களோடு ஓடி ஓடி "கெதியா வாங்கோ", சீக்கிரம் வாருங்கள், என்பதை மட்டும் நன்றாகப் படித்துவிட்டார். வெர்மொன்ட் மாநிலத்து ஓய்விடங்களில், மேசை விரித்துப் புட்டும் சம்பலும் பரிமாறுகிற எங்கள் கூட்டத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லும்போது, தட்டோடு நிற்கிற பெண்கள் அவருக்கும் ஒரு தட்டை நீட்டுவார்கள். பிறகு அவர் கெதியைப் பற்றிப் பேச மாட்டார்.

ஒருமுறை வாஷிங்டனுக்குச் செர்ரிப்பூப் பார்க்கப் புறப்பட்டோம். சரோ அக்கா யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார். புதுப் பயணம், இருபது பேர், கண்ணூறு படக்கூடாதாம். எல்லையில் அதிகாரி பழம், காய்கறி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க, நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்றோம். அவருடைய மூக்குக்கு நேரே அது ஆடிக்கொண்டிருந்தது. அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கழற்றிக் குப்பையில் போட்டார். சரோ அக்காவின் முகம் வாஷிங்டன் வரைக்கும் தெளியவில்லை. ஒவ்வொரு முறை லொறி எங்களை முந்தும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். லுக் இதையெல்லாம் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். இடையில் என்னிடம் அந்தக் கண்ணூறு என்றால் என்ன என்று விளக்கமாகக் கேட்டார். அடுத்த பயணத்துக்கு அவர் வந்தபோது முன்கண்ணாடியில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக்.

"மதாம் மலர், இது பழமில்லை என்று அதிகாரிக்குத் தெரியும். கண்ணூறுக்குத் தெரியாது."

ஊரை மட்டும்

மரியதாஸ் அண்ணையை அப்படிப் பேசி அனுப்பிய பிறகு நாலு ஞாயிறு அவர் வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, பொஸ்டனுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். மூன்று நாள் பயணம், வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு என்றேன். ஒரு இடம் போடச் சொன்னார். மனைவிக்கு முழங்கால் நோ, பஸ்ஸில் அவ்வளவு நேரம் இருக்க ஏலாது, ஆனால் அவர்தான் போகச் சொல்லிப் பிடித்துத் தள்ளியதாம். நான் வழக்கம்போல, அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

அவருக்கு ஸ்டெல்லா என்று ஒரு தங்கை. தகப்பன் இறந்த பிறகு அவர்தான் வளர்த்துப் படிப்பித்து, மொன்றியலுக்கும் கூப்பிட்டுத் தன்னோடு வைத்திருந்தார். பிறகு தானே ஒரு மாப்பிள்ளையும் பார்த்தார். அவள் அவர் பார்த்தவனை வேண்டாம் என்று சொல்லி, பொஸ்டனில் இருந்த ஒரு சைவ சமயத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவர் கலியாணத்துக்குப் போகவில்லை. பதினாறு வருடம். ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கும், அவளிடமிருந்து வாழ்த்து மடல் வருமாம். இவர் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. "முதல் வருஷம் கோவம். பேந்து வெக்கம். பிழை என்ரைதான், அது எனக்குத் தெரியும்" என்றார். ஆறு வருடமாக அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்கு வரிசையாக நினைவு வந்தன. பனி, கடற்கரை, மின்சாரம், தமிழ்ச் சாமான் கடை. அவர் சுற்றுலா விசாரிக்கவில்லை, தங்கை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்திருக்கிறார். என்னை விடுங்கோ என்று அவரிடம் சொன்ன என் வாயை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்ப போய்ச் சந்தியுங்கோவன் அண்ணை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். எந்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவது என்றார். உறவு இருக்கிற ஊருக்குச் சொல்லாமல் போகிற அந்தப் பெரிய குற்றத்தைத் தெரிந்துகொண்டே செய்யப் போகிற முதல் ஆளை நான் அன்று பார்த்தேன்.

"நான் அவளிட்டைப் போகேல்லைப் பிள்ளை. அவள் இருக்கிற ஊரை ஒருக்காப் பார்த்திட்டு வாறன், அவ்வளவுதான்."

எல்லையில் ஒரு மடல்

வெள்ளி காலை ஆறு மணிக்கு லாசாலில் ஏற்றி, பாலம் கடந்து புரோசார்டில் ஏற்றி, என்னையும் லுக்கையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் புறப்பட்டோம். சோளத் தோட்டங்கள் வரத் தொடங்கியதும் நான் ஒலிவாங்கியை எடுப்பது வழக்கம். எல்லையில் கேட்கப்போகிற கேள்விகளுக்கு அங்கேயே ஒத்திகை. நான்தான் அதிகாரி. எங்கை போறியள், ஏன் போறியள், எத்தினை நாள், அங்கை தெரிஞ்சவை இருக்கினமோ. பொய் சொல்லக்கூடாது, ஆனால் கேட்டதுக்கு மட்டும் பதில், ஒரு சொல்லும் கூட வேண்டாம் என்பது என் சட்டம். தெரிந்தவர்கள் யார் என்றதும் சரோ அக்கா எல்லாக் கிளையிலும் ஏறி ஏழு பெயர் சொல்லி முடித்தார். "ஒரு பேர் போதும் அக்கா, அவை குடும்ப மரம் கேக்கேல்லை" என்றேன். மரியதாஸ் அண்ணையின் முறை வந்தது. எங்கை போறியள், பொஸ்டன். ஏன், பார்க்க. எத்தினை நாள், மூண்டு. தெரிஞ்சவை? அவர் யன்னலுக்கு வெளியே சோளத்தைப் பார்த்தார். நான் அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன்.

எல்லையில் இறங்கி வரிசையில் நின்றோம். அண்ணையின் முறை வரும்போது, மொழிக்கு உதவியாக நான் பக்கத்தில் நின்றேன். அதிகாரி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். முதல் மூன்று கேள்விக்கும் அண்ணை ஒத்திகையைப் போலவே பதில் சொன்னார். அமெரிக்காவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணை மெதுவாகக் கோட்டுக்குள் கைவிட்டு, ஒரு நத்தார் மடலை எடுத்து, அதிகாரியின் முன்னால் வைத்தார். போன வருடத்து மடல். உள்ளே விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தது.

யார் இது என்று கேட்டார் அந்தப் பெண். தங்கை. இவரோடுதான் தங்குவீர்களா? இல்லை, ஹோட்டலில். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பதினாறு வருடம். நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா? இல்லை. அந்தப் பெண் அண்ணையைப் பார்த்தார், மடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்தக் கதிரையில் உட்கார்ந்து தங்கைக்கு ஃபோன் எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைப் பிறகு தருகிறேன்" என்றார். அது சட்டமா, அவருடைய சொந்த விருப்பமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் நான் துணியவில்லை. அண்ணை ஃபோனை என்னிடம் நீட்டினார், இலக்கத்தை நான்தான் அழுத்தினேன். "ஸ்டெல்லா, நான் அண்ணை. போடரிலை நிக்கிறன், பொஸ்டனுக்கு வாறன்" என்றார். அவள் குரல் எனக்கும் கேட்டது. "எத்தினை பேர் வாறியள்?"

அண்ணியும் வருகிறாரா என்பதைத்தான் அவள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அண்ணை ஒத்திகை பார்த்துவிட்டு வந்த மனிதர், கேட்டதுக்கு மட்டும் பதில். "இருபத்திரண்டு" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அது வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் பாதிப் பேர் சைவக்காரர், அன்றைக்கு மரக்கறிதான் சாப்பிடுவார்கள், மீனும் இறைச்சியுமான மச்சம் தொட மாட்டார்கள். பதினாறு வருடத்துக்கு முன் ஒரு சைவப் பையனுக்காகத்தான் அண்ணையின் வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தப்பட்டது. இதெல்லாம் அவளுக்கும் நினைவு வந்திருக்குமா தெரியாது. அவள் கொஞ்சமும் தடுமாறாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"சைவம் எத்தினை, மச்சம் எத்தினை?"

பொஸ்டனில் நாங்கள் பார்த்தவை

துறைமுகத்தில் பழைய கப்பல், சதுக்கத்துச் சந்தை, ஆற்றுக்கு அப்பால் பெரிய பல்கலைக்கழகம். இதுதான் அன்றைக்கு என் திட்டம். நான் பஸ்ஸுக்குள் நின்று, அண்ணையை மட்டும் தங்கையின் வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் திட்டப்படி போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பஸ் முழுக்க என்னைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தது. "அந்தப் பிள்ளை உலை வைச்சிருப்பாள்" என்றார் சரோ அக்கா. அதற்கு மேல் வாதாட எனக்குத் தைரியம் இல்லை. லுக்கிடம் புது விலாசத்தைக் கொடுத்தேன், பொஸ்டனுக்குத் தெற்கே குயின்சி. அவர் ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டார். சாப்பாடு என்ற சொல் அவருக்கும் விளங்கியிருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு மரவீடு ஒன்றின் முன்னால் நின்றோம். எல்லாரும் இறங்கினோம். அண்ணை மட்டும் இறங்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு கடைசி இருக்கையில் இருந்தார். வீட்டுக் கதவைத் திறந்தது தங்கையின் புருஷன் குமார். வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தவர், ஏப்ரனில் மஞ்சள் கறை. எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு எங்களைக் கடந்து பஸ்ஸுக்குள் ஏறினார். "அத்தான், மரக்கறிச் சட்டி வேறை அடுப்பிலை வைச்சனான், கலக்கேல்லை. வாங்கோ" என்றார். அண்ணை எழுந்து அவர் பின்னால் வந்தார். இரண்டு படி இறங்குவதற்குள் குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டெல்லா வாசலில் நின்றாள். அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, ஒரு முழ இடைவெளியில் நின்றார்கள். எங்கள் இருபத்தொரு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, எல்லாரும் சப்பாத்தைக் கழற்றுவதில் மும்முரமானோம். அண்ணைக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "நேற்று மொன்றியலிலை நல்ல மழை" என்றார். அவள் ஏப்ரன் பையிலிருந்து ஃபோனை எடுத்து அவரிடம் காட்டினாள். காலநிலை பார்க்கிற பக்கத்தில் இரண்டு ஊர் இருந்தன, மேலே மொன்றியல், கீழே பொஸ்டன். அதைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். அவர்களுக்கு முன்னால் நான் அழுதது எனக்கு இன்றும் கூச்சம்தான்.

"தெரியும் அண்ணை. நான் ஒவ்வொரு நாளும் காலமை பார்க்கிறனான், உங்களுக்குக் குளிரோ எண்டு."

கோடு முடிகிற இடம்

அன்று நாங்கள் இரவுச் சாப்பாடும் முடித்துத்தான் ஹோட்டலுக்குப் போனோம். இறால் குழம்பைப் பற்றியும், தனி அடுப்பில் வைத்த கத்தரிக்காய்ப் பால்கறியைப் பற்றியும் தனிக் கட்டுரை எழுதலாம். லுக் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார், கெதியா என்ற சொல்லை மறந்தே போனார். சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலைதான் நான் சொன்ன சிவப்புக் கோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அண்ணையும், ஸ்டெல்லாவும் குமாரும் பூசை முடித்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். பூசைக்குக் குமாரும் போனாராம், கடைசி வரிசையில் இருந்தாராம்.

செங்கல் கோடு பழைய தேவாலயங்களைச் சுற்றி, கல்லறைகளைத் தாண்டி, சந்தைக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணை அதன் மேலேயே, கோட்டை விட்டுக் கால் விலகாமல் நடந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் நடந்தாள். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் நின்று, பலகையில் எழுதியிருப்பதை அண்ணைக்குச் சத்தமாக வாசித்து மொழிபெயர்த்தாள். பத்து வருடமாக நான் எதற்கு ஏங்கினேனோ அது என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. எங்கள் ஆள் ஒருவர் ஒரு நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாகச் சொல்கிறீர்களே, அடிக்கடி இங்கே வருவீர்களோ என்று நான் ஸ்டெல்லாவைக் கேட்டேன். இதுதான் முதல் தடவை என்றாள். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பதினாறு வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கோட்டில் ஒருக்காலும் நடக்கவில்லையா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, முன்னால் போகிற அண்ணையைக் கண்ணால் காட்டினாள்.

"என்ரை பக்கத்தாலை ஆரும் வந்ததில்லையே அக்கா. வீட்டுக்கு ஆக்கள் வந்தால்தானே ஊரைக் காட்டுறது."

உறவுக்காரர் வீட்டை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள் என்று பத்து வருடம் தொண்டை கிழியக் கத்திய நான், இப்போது என் மேசைக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் வரைபடத்தை விரிப்பதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி, "அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்பதுதான்.